கார்பன் ஏரோ சைக்கிள்: எடை, விறைப்பு, சொகுசு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு டர்பன் கடற்கரையில் கூடி, எம்4 சாலையில் வடக்கே உம்லாங்கா, உம்ட்லோட்டி தாண்டி பாலிட்டோ வரை மிதித்துவிட்டுத் திரும்புவது எங்கள் வழக்கம். சாட்ஸ்வர்த்காரர்கள், ஃபீனிக்ஸ்காரர்கள், டோங்காட்டிலிருந்து பக்கியில் (பிக்கப் வண்டி) சைக்கிளைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், என்னைப் போல வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று கலவையான கூட்டம். ஓட்டம் முடிந்து காபிக்கு உட்கார்ந்ததும் யாராவது ஒருவர், "அண்ணா, ஏரோ வாங்கலாமா?" என்று ஆரம்பிப்பார். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. மூன்று கார்பன் சைக்கிள் வாங்கி, அதில் ஒன்றைக் கெடுத்தவன், அவ்வளவுதான் தகுதி.

ஏரோ சைக்கிள் என்றால் என்ன? சாதாரண ரோடு பைக்கிலிருந்து எதில் வேறுபடுகிறது?

குழாய்களின் வடிவத்தில். சாதாரண ஃபிரேமில் குழாய் உருண்டையாக இருக்கும். ஏரோ ஃபிரேமில் முன்பக்கம் வளைந்து, பின்பக்கம் வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருக்கும். விமான இறக்கை மாதிரி நீண்டு கூராக முடிய வேண்டிய வாலை நடுவிலேயே அறுத்துவிட்ட வடிவம் அது. வூனிபால்ட் காம் என்ற ஜெர்மன் பொறியாளர் 1930-களில் கார்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்ததால் அதைக் காம் வால் என்பார்கள். வால் இல்லாவிட்டாலும் காற்று ஏறக்குறைய வால் இருப்பதுபோலவே நழுவிப் போகும். எடையும் மிச்சம், பக்கக்காற்றின் தள்ளலும் குறைவு. இதோடு தட்டையான சீட்போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு), ஒரே துண்டாக வார்த்த ஹேண்டில்பாரும் ஸ்டெமும் (பாரை ஃபிரேமோடு இணைக்கும் துண்டு), உள்ளே மறைந்து போகும் பிரேக் குழாய்கள், ஆழமான ரிம் (சக்கரத்தின் வெளி வளையம்) எல்லாம் சேர்ந்தால் ஏரோ சைக்கிள்.

எடை எவ்வளவு கூடும்?

முன்பு ஒரு கிலோ வரை வித்தியாசம் இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை. நல்ல ஏரோ ஃபிரேம் 900 முதல் 1,100 கிராம் வரை இருக்கும். ஏற்றத்துக்கென்றே செய்த ஃபிரேம் 700, 800 கிராமில் கிடைக்கும். முழு சைக்கிளாக, டிஸ்க் பிரேக்கோடு பார்த்தால் ஏரோ ஏழே கால் கிலோவிலிருந்து எட்டரை வரை. சர்வதேச சைக்கிள் சங்கம் 2000-ஆம் ஆண்டிலிருந்து பந்தய சைக்கிளுக்கு 6.8 கிலோ என்று கீழ் வரம்பு வைத்திருக்கிறது. அதற்குக் கீழே போனால் தொழில்முறை வீரருக்கே அனுமதி இல்லை என்பதால், கம்பெனிகளும் எடையை விட்டுவிட்டுக் காற்றின் பக்கம் திரும்பிவிட்டன. ஸ்பெஷலைஸ்டு 2020-ல் வெஞ்ச் என்ற தன் ஏரோ மாடலையே நிறுத்திவிட்டு, டார்மாக் என்ற ஒரே சைக்கிளில் இரண்டையும் சேர்த்தது.

ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தில் வரும் ஃபிரேம் எடை பெரும்பாலும் பெயின்ட் அடிக்காத, திருகு ஒன்றும் மாட்டாத, நடுத்தர அளவு ஃபிரேமின் எடை. பெயின்ட் மட்டுமே நூறு கிராமைச் சாப்பிடும். கடைக்குப் போகும்போது பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை எடுத்துப் போங்கள். பெடல், பாட்டில் கூடு எல்லாம் மாட்டி, நீங்கள் நிஜமாக ஓட்டப்போகும் கோலத்தில் தூக்கிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

அமஷோவாவில் அந்த ஒரு கிலோ என்னைப் பின்தள்ளிவிடாதா?

அமஷோவா என்பது ஒவ்வொரு அக்டோபரிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு வரும் 106 கிலோமீட்டர் ஓட்டம். கடலை நோக்கி இறங்குகிற பாதைதானே என்று நினைத்து வருகிறவர்களை இஞ்சங்கா, போத்தாஸ் ஹில் ஏற்றங்கள் வழியில் பிடித்துக்கொள்ளும். அதனால் கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோவை 200 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 1,960 ஜூல் வேண்டும். நீங்கள் 200 வாட் சக்தியில் மிதிக்கிறீர்கள் என்றால் அது சுமார் 10 விநாடி. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 86 கிலோ என்றால் அந்த ஏற்றம் மொத்தமாகப் பதினான்கு, பதினைந்து நிமிடம் எடுக்கும். பதினைந்து நிமிடத்தில் பத்து விநாடி. பந்தயத்தில் முன்னால் போகிற பத்துப் பேருக்கு அது உயிர்; எனக்கும் உங்களுக்கும் ஒரு மூக்குச் சிந்தும் நேரம்.

இன்னொன்று. நிறைந்த 750 மில்லி பாட்டில் ஒன்று மட்டுமே 750 கிராமுக்கு மேல். டர்பன் புழுக்கத்தில் இரண்டு இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. இங்கே புரட்டாசி விரதம் எத்தனை வீடுகளில் கண்டிப்பாக நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அது முடிகிற நேரத்தில்தான் அமஷோவாவும் வருகிறது. எங்கள் குழுவில் ஒருவர் விரத மாதத்தில் இரண்டு கிலோ இறங்கி, "ரேண்ட் செலவில்லாமல் லேசான ஃபிரேம் வாங்கிட்டேன்" என்று தொடையைத் தட்டிக் காட்டினார். தீபாவளி வந்ததும் அந்த ஃபிரேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது வேறு கதை.

விளம்பரத்தில் "20 வாட் மிச்சம்" என்கிறார்கள். உண்மையா?

உண்மையாகவே இருக்கலாம், ஆனால் எந்த வேகத்தில் என்று பாருங்கள். சோதனைக் கூடத்தில் வழக்கமாக மணிக்கு 45 கிலோமீட்டர் காற்றில் அளப்பார்கள். காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். அப்படியென்றால் 45-ல் 20 வாட் என்பது 36-ல் பத்து வாட், 30-ல் வெறும் ஆறு வாட்.

அதற்காக மெதுவாக ஓட்டுகிறவருக்கு ஏரோ வீண் என்று சொல்லிவிட முடியாது. அவர் அதே தூரத்தைக் கடக்க அதிக நேரம் எடுப்பதால், ஓட்டம் முடியும்போது மிச்சமாகும் நிமிடக் கணக்கு வேகமானவருக்குக் கிடைப்பதைவிடக் குறைந்துவிடாது. வாட்டைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், வாட் குறைவென்று ஒதுக்கவும் வேண்டாம்.

முக்கியமானது வேறு. மொத்தக் காற்றுத் தடையில் நாலில் மூன்று பங்கு உங்கள் உடம்பால் வருவது. சைக்கிள் மீதி ஒரு பங்குதான். என் உடம்புக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், கையை நீட்டி, பிரேக் லீவரின் மேல்பிடியான ஹூட்ஸைப் பிடித்தால் காற்றுக்கு மட்டும் சுமார் 190 வாட் போகிறது. முழங்கையை மடக்கி முன்கையைத் தரைக்கு இணையாக வைத்தால் 175-க்குப் பக்கத்தில் வருகிறது. புது ஃபிரேம் கொடுப்பதைவிட அதிகம், காசும் கிடையாது. ஆனால் அந்தக் கோலத்தில் எவ்வளவு நேரம் இருக்க முடியும் உங்களால்? இரண்டு நிமிடமா, ஒரு மணி நேரமா? மீதிக் கேள்விகளுக்கெல்லாம் நான் சொல்லப்போவது இதைச் சுற்றித்தான் வரும்.

விறைப்பு விறைப்பு என்கிறார்களே, அது எதற்கு?

பெடலை மிதிக்கும்போது ஃபிரேம் பக்கவாட்டில் வளையாமல் நிற்பது ஒன்று. இறக்கத்தில் திருப்பும்போது முன்பக்கம் முறுக்கிக்கொள்ளாமல் சொன்ன பக்கம் போவது இன்னொன்று. முதலாவதைத்தான் விளம்பரம் செய்கிறார்கள், இரண்டாவதுதான் உங்களைக் காப்பாற்றும்.

பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட் பக்கம் கொஞ்சம் வளைந்தால் சக்தி எல்லாம் வீணாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஃபிரேம் ஒரு ஸ்பிரிங் மாதிரி. வளைத்தால் வளையும், விட்டால் திரும்பும், வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். அந்தக் காலத்து மெல்லிய இரும்புக் குழாய் சைக்கிளில் மலை ஏறி ஜெயித்தவர்கள் எல்லாம் வளைந்த ஃபிரேமில்தான் ஜெயித்தார்கள். இன்றைக்கு விற்கும் எந்த நடுத்தர கார்பன் ஃபிரேமும் நம் காலுக்குப் போதுமான விறைப்புக்கு மேலேயே இருக்கிறது. போன வருட மாடலைவிடப் பத்து சதவீதம் விறைப்பு என்று எழுதியிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போங்கள்.

முன்பக்கம் அப்படியில்லை. ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் எழுபதுக்கு மேல் போகும்போது ஹேண்டில்பார் நடுங்க ஆரம்பித்தால் அந்தப் பயத்தை மறக்க முடியாது. அப்படி நடுங்கினால் ஃபிரேமின் மேல் குழாயான டாப் டியூபை இரண்டு முழங்காலாலும் இறுக்கிப் பிடியுங்கள். கையைத் தளர்த்தி, மெல்ல பின்பிரேக்கைத் தொடுங்கள். ஹேண்டில்பாரை இறுக்கினால் இன்னும் மோசமாகும். பெரிய ஆள், உயரமான ஃபிரேம் என்றால் இது கூடுதலாகத் தெரியும். ஏரோ ஃபிரேமின் பருத்த முன்பக்கம் அங்கே நிஜமாகவே உதவுகிறது.

கார்பன் நாரின் தரம் என்று ஏதோ எண் சொல்கிறார்கள். அதில் பார்க்க வேண்டியது உண்டா?

கொஞ்சம். டோரே நிறுவனத்தின் டி700 நாரின் விறைப்பு 230 கிகாபாஸ்கல், எம்40ஜே நாரின் விறைப்பு 377. இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே விறைப்பான நாரைப் போட்டால் குறைந்த அளவில் அதே விறைப்பு வரும், ஃபிரேம் லேசாகும். ஆனால் அந்த நார் அடி தாங்காது, விலையும் அதிகம். எந்த ஃபிரேமும் ஒரே நாரால் செய்யப்படுவதில்லை. நூற்றுக்கணக்கான துண்டுகளை வெவ்வேறு கோணத்தில் அடுக்கித்தான் செய்கிறார்கள். சமையலில் அரிசியின் பெயர் மட்டும் தெரிந்தால் பிரியாணி எப்படி வரும் என்று சொல்ல முடியுமா? அது மாதிரிதான்.

ஏரோ ஃபிரேம் உடம்பை உலுக்கும் என்கிறார்கள். ஏன்?

ஒரு மர ஸ்கேலை எடுத்துப் படுக்க வைத்து வளைத்துப் பாருங்கள், வளையும். அதையே செங்குத்தாக நிறுத்தி வளையுங்கள், அசையாது. பொருள் ஒன்றுதான், உயரம்தான் வேறு. உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். ஏரோ குழாய் காற்றின் திசையில் ஆழமாக இருக்கிறது. ரோட்டுக் குழி கொடுக்கும் அடியும் அந்தத் தளத்திலேயேதான் வருகிறது. தட்டையான சீட்போஸ்ட்டும் அப்படியே. உருண்டையான 27.2 மில்லிமீட்டர் சீட்போஸ்ட் மெதுவாகப் பின்னால் சாயும், ஆழமான ஏரோ போஸ்ட் மரம் மாதிரி நிற்கும்.

இதைச் சரிசெய்யக் கம்பெனிகள் பல வழி பார்த்தன. சீட்டுக்கடியிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் சீட்ஸ்டேயைத் தாழ்வாக இணைத்தார்கள். போஸ்ட்டின் பின்பக்கத்தை வெட்டினார்கள். ட்ரெக் 2022-ல் மடோனின் சீட் டியூபிலேயே ஒரு பெரிய ஓட்டை போட்டது. கொஞ்சம் பலன் உண்டு. ஆனால் இவையெல்லாம் சேர்ந்து கொடுப்பதைவிட அதிகமாக டயர் கொடுக்கும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

சரி, டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

எங்கள் குழுவில் சண்டையே வருவது இதில்தான்.

நான் ஏரோ சைக்கிள் வாங்கிய முதல் மாதம் 25 மில்லிமீட்டர் டயரில் 110 பிஎஸ்ஐ அடித்தேன். பழைய பழக்கம்; கல்லு மாதிரி இருந்தால்தான் வேகம் என்று யாரோ சொல்லிக் கொடுத்தது. எம்கேனி ஆற்றுப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் உள்ளங்கையில் அறைந்த மாதிரி இருந்தது. உம்ட்லோட்டிக்கு முன்னாலேயே இரண்டு கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துவிட்டன. காபிக் கடையில் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழிக்க முடியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினேன். சைக்கிளை விற்றுவிடலாம் என்ற முடிவோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் வெர்னியர் காலிப்பரை எடுத்து டயரை அளந்தேன். டயரில் 25 என்று அச்சடித்திருந்தது. அகலமான ரிம்மில் மாட்டியதால் நிஜத்தில் 27.3 மில்லிமீட்டர். அந்த அகலத்துக்கு நான் அடித்த காற்று ரொம்ப அதிகம். பின்னால் 78, முன்னால் 74 என்று இறக்கினேன். அதே பாலம், அதே வேகம். அடி போய் வெறும் தட்டல் ஆனது. ஆறு மாதம் கழித்து 28 டயருக்கு மாறி இன்னும் இறக்கினேன்.

இப்போது என் கணக்கு: 28 டயர், 75 கிலோ ஆள் என்றால் பின்னால் 70, முன்னால் 66. அறுபது கிலோவுக்கு இரண்டிலும் எட்டு, பத்துக் குறைக்கலாம். தொண்ணூறு கிலோ ஆளுக்கு 28-ஐ விட 30 அல்லது 32 நல்லது. காற்றை ஏற்றுவதற்குப் பதில் டயரை அகலமாக்குங்கள். உங்கள் ஃபிரேமில் எவ்வளவு அகலம் நுழையும் என்று முதலில் பாருங்கள். ரிம் ஹூக்லெஸ் வகை (டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாதது) என்றால் 5 பாருக்கு மேல், அதாவது 72 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்கவே கூடாது. அது டயர் கழன்றுவிடும் விஷயம், ருசி விஷயம் இல்லை.

காற்றைக் குறைத்தால் வேகம் போய்விடாதா என்று உடனே அடுத்த கேள்வி வரும். வழவழப்பான உருளையில் சோதித்தால் அதிகக் காற்றுதான் ஜெயிக்கும். ஆனால் நம் ஊருக்கு வெளியே பாதி சாலைகள் தாரில் ஜல்லியைத் தூவி அழுத்தியவை. அங்கே கல்லு மாதிரி டயர் ஒவ்வொரு ஜல்லியிலும் உங்களையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். தூக்கிப் போடுகிற அந்தச் சக்தி உங்கள் காலிலிருந்து போவது. மென்மையான டயர் ஜல்லியை விழுங்கிவிட்டுப் போகும்.

கை மரத்துப்போகிறது, கழுத்து வலிக்கிறது. ஃபிரேமை மாற்றணுமா?

முதலில் டயர். அப்புறம் உட்காரும் முறை. ஃபிரேம் கடைசி.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு அழுத்தப்படுகிறது. உடம்பின் பாரம் கைக்குப் போகிறது என்று அர்த்தம். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் நீங்கள் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், கைதான் தடுக்கும். சீட்டை ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளினாலே சிலருக்குச் சரியாகிவிடுகிறது.

கழுத்து வலிக்கு ஹேண்டில்பார் தாழ்வாக இருப்பதே வழக்கமான காரணம். ஏரோ ஃபிரேம்கள் பந்தய வீரருக்காக வரையப்பட்டவை. 56 அளவு ஏரோ ஃபிரேமில் ஸ்டாக் (பெடல் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்குழாய் உச்சி வரை உள்ள உயரம்) சுமார் 565 மில்லிமீட்டர் என்றால், நீண்ட தூரத்துக்கான எண்டூரன்ஸ் ஃபிரேமில் 590-க்கு மேல் இருக்கும். ஸ்டெமுக்குக் கீழே மூன்று சென்டிமீட்டர் ஸ்பேசர் போட்டால் அந்த வித்தியாசம் சரியாகிவிடும். பார்க்க அசிங்கம் என்று ஸ்பேசரை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் குழுவில் சாட்ஸ்வர்த் தம்பி ஒருவன் அப்படித்தான் எடுத்தான். படத்தில் சைக்கிள் அட்டகாசமாக இருந்தது. ஆனால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் அவன் பாரின் கீழ் வளைவான டிராப்ஸைத் தொடவே இல்லை. நேராக நிமிர்ந்து, பாரின் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, பாய்மரம் மாதிரி காற்றை வாங்கிக்கொண்டு வந்தான். ஸ்பேசரைத் திரும்பப் போட்டபின் ஒரு மணி நேரம் குனிந்து ஓட்டுகிறான். எது ஏரோ?

உள்ளே ஒயர் போகும் ஒரே துண்டு ஹேண்டில்பார் வேண்டுமா?

அளவு சரியாக இருந்தால் மட்டும். ஸ்டெம் நீளம் பொருந்தவில்லை என்றால் முழு பாரையும் மாற்ற வேண்டும், பிரேக் குழாயை அறுத்து எண்ணெய் மாற்ற வேண்டும். பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும். வாங்கும் முன்பே எந்த நீளம், எந்த அகலம் என்று கடையில் பேசி மாற்றி வாங்குங்கள். பணம் கொடுத்தபின் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

நான் குள்ளம், ஐம்பத்திரண்டு கிலோ. எனக்கு ஏரோ ஒத்துவருமா?

ஃபீனிக்ஸ் அக்கா ஒருவர் கேட்டது. சின்ன ஃபிரேமின் குழாய்கள் குட்டையானவை, அதனால் இயல்பாகவே விறைப்பு அதிகம். அதில் லேசான ஆள் உட்கார்ந்தால் ஃபிரேம் அசையவே அசையாது. நல்ல கம்பெனிகள் ஒவ்வொரு அளவுக்கும் நார் அடுக்கைத் தனியாக அமைக்கின்றன, எல்லாரும் செய்வதில்லை. போதாக்குறைக்கு, குள்ளமானவருக்கு வெளியே தெரியும் சீட்போஸ்ட்டும் குறைவு, அது வளைந்து கொடுப்பதும் குறைவு. ஆகவே டயர் அகலம் உங்களுக்குத்தான் அதிகம் முக்கியம். 28-ல் 58 பிஎஸ்ஐ வைத்து ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். முன் ரிம்மை 40 மில்லிமீட்டருக்கு மேல் வாங்காதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

கேப் டவுன் போகிறேன். ஆழமான ரிம் எடுத்துப் போகலாமா?

நம் டர்பன் காற்று நல்ல பிள்ளை. பெரும்பாலும் கடற்கரையை ஒட்டி வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ அடிக்கும். எம்4-ல் போனால் முகத்தில் அல்லது முதுகில். போகும்போது வடகிழக்கை எதிர்த்து மூச்சுவாங்கி, திரும்பும்போது பின்காற்று என்று கனவு கண்டுகொண்டிருக்கையில் தென்மேற்கு மாறி வந்து முகத்தில் அடிக்கும் நாட்களும் உண்டு. இரண்டு திசைக்கும் ஏரோ ஃபிரேம் நல்ல துணை.

கேப் டவுன் அப்படியில்லை. அங்கே தென்கிழக்குக் காற்று, கேப் டாக்டர் என்று செல்லப்பெயர், மலை இடுக்குகளிலிருந்து திடீரென்று பக்கவாட்டில் பாயும். 1978-ல் தொடங்கிய கேப் டவுன் சைக்கிள் டூர் 109 கிலோமீட்டர். 2017-ல் காற்று தாங்காமல் ஓட்டத்தையே ரத்து செய்தார்கள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களே தள்ளப்பட்டார்கள்.

பக்கக்காற்றில் ஆளைத் திருப்புவது ஃபிரேம் இல்லை, முன் சக்கரம். அது ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்புவதால் காற்று நேரே உங்கள் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். பின் சக்கரம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்தப் பிரச்சினை குறைவு. முன்னால் 35, பின்னால் 50 என்று கலந்து போடுங்கள். பயந்துகொண்டே இறங்கினால் நீங்கள் நிமிர்ந்துவிடுவீர்கள். நிமிர்ந்தால் ஆழமான ரிம் கொடுத்த லாபமெல்லாம் போச்சு.

ஜோபர்க்கில் (ஜோஹானஸ்பர்க்) ஓட்டினால் வேறுபாடு தெரியுமா?

தெரியும். அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, தடையும் அவ்வளவு குறைவு. மகிழ்ச்சியாகத்தான் இருக்கும், மூச்சு வாங்கும் வரை. அதே காற்றுதானே நுரையீரலுக்கும் போக வேண்டும்! டர்பனில் காற்றடித்து என்3 வழியாக வான் ரீனன்ஸ் கணவாய் ஏறிப் போனால் டயரின் அழுத்தம் இரண்டரை, மூன்று பிஎஸ்ஐ கூடிக் காட்டும். காலை டர்பனைவிடப் பத்து டிகிரி குளிராக இருந்தால் அதுவே சரியாகிவிடும். ஹூக்லெஸ் ரிம்காரர்கள் மட்டும் புறப்படும் முன் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

கார்பன் துருப்பிடிக்காதே, கடற்கரையில் கவலை இல்லைதானே?

கார்பன் துருப்பிடிக்காது. ஆனால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தை அரிக்கும். உப்பு ஈரம் நடுவே இருந்தால் சீக்கிரமே. பெரும்பாலான ஏரோ சைக்கிளில் பிரேக் குழாய்கள், ஹேண்டில்பார் திரும்புவதற்கான ஹெட்செட் பேரிங்குக்குள்ளாகப் போவதால், மலிவான ஒரு பேரிங்கை மாற்ற அரை நாள் வேலை. வியர்வையும் உப்பும் நேரே அங்கேதான் சொட்டும். நான் வருடம் ஒருமுறை பிரித்துக் கிரீஸ் போடச் சொல்கிறேன், சத்தம் வரும்வரை காத்திருப்பதில்லை.

ஒருமுறை ஒவ்வொரு மிதிக்கும் "கிரீச்" என்று சத்தம். பாட்டம் பிராக்கெட் போச்சு என்று பயந்தேன். கடைசியில் சீட்போஸ்ட்டை உருவினால் உள்ளே ஈர மணல், ஒரு டீஸ்பூன் இருக்கும். துடைத்து, வழுக்காமல் பிடிக்க உதவும் கார்பன் பேஸ்ட் தடவிப் போட்டதும் சத்தம் நின்றது.

சீட்போஸ்ட் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இன்னும் இறுக்கலாமா?

வேண்டாம்! நான் கெடுத்த சைக்கிள் இதில்தான் போனது. தட்டையான போஸ்ட்டை உள்ளே ஒரு ஆப்பு வைத்து இறுக்குவார்கள். என்னுடையது பத்து கிலோமீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர் இறங்கியது. சாதாரண அலன் கீயை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கால் திருப்பு கொடுத்தேன். "டக்". முறுக்கு திடீரென்று தளர்ந்தது. டாப் டியூபின் முனையில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. தப்பு முழுக்க என்னுடையது. போஸ்ட்டையும் துளையையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்கள், கார்பன் பேஸ்ட் தடவுங்கள், முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, அச்சடித்திருக்கும் நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். பெரும்பாலும் 5 அல்லது 6 தான் இருக்கும். அதிலும் இறங்கினால் கடைக்கு எடுத்துப் போங்கள்.

பழைய ஏரோ ஃபிரேம் வாங்கலாமா?

வாங்கலாம், நல்ல வெளிச்சத்தில். செயின்ஸ்டே (செயினை ஒட்டிப் பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்), ஹெட் டியூபின் (ஃபிரேமின் முன்குழாய்) அடி, நான் சொன்ன அந்த ஆப்பு இடம், மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு காசால் மெதுவாகத் தட்டுங்கள். ஒரே மாதிரி கணீர் என்று வந்துகொண்டிருந்து ஒரு இடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் விட்டுவிடுங்கள். டயர் அகலம் 25-க்கு மேல் நுழையாத பழைய மாடல் என்றால், எவ்வளவு மலிவானாலும் நான் வாங்க மாட்டேன்.

சரி, ஏரோவா, எண்டூரன்ஸா?

தரையைத் தொடுகிற அளவுக்கு இல்லாவிட்டாலும், முழங்காலை மடக்காமல் கணுக்காலையாவது தொட முடிகிறதா? எம்4-ல் குழுவோடு முப்பதுக்கு மேல் போகிறீர்களா? 30 மில்லிமீட்டர் டயர் அதில் நுழைகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஏரோ வாங்குங்கள், எடையைப் பற்றி யோசிக்காதீர்கள். முதல் கேள்விக்கு இல்லை என்றால் எண்டூரன்ஸ் ஃபிரேமில் நல்ல சக்கரம் போட்டு ஓட்டுங்கள். அதில் நீங்கள் குனிந்தே இருப்பீர்கள், ஏரோக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

விமானத்தில் எடுத்துப் போவது எப்படி?

ஒரே துண்டு ஹேண்டில்பார் என்றால் முழுதாகக் கழற்ற முடியாது. அதைத் திருப்பாமல் வைக்கும் அகலமான பெட்டி தேவை. பழைய வகைப் பெட்டியில் பாரைத் திருப்பி அமுக்கினால் பிரேக் குழாய் மடங்கிவிடும். பின் கியரை மாற்றும் ரியர் டெரெய்லியரைக் கழற்றித் துணி சுற்றுங்கள். கழற்றக்கூடிய கியர் பேட்டரி இருந்தால் கைப்பையில் வையுங்கள். டார்க் ரெஞ்சை மட்டும் பெட்டியோடு அனுப்புங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள், அப்புறம் கேப் டவுனில் இறங்கி யாரிடம் கடன் கேட்பது?